சிவப்பு மூடி வந்தவங்க தள்ளி நில்லுங்க

கிட்ட வந்து உக்காருங்க, இது மூச்சு வாங்கற நெஞ்சு, சத்தமா பேச வராது. கேட்டுல நிக்கிற வேலை இருக்கே, உள்ள போறவங்களுக்கும் நம்ம மேல கோவம், வெளிய வர்றவங்களுக்கும் நம்ம மேல கோவம். ஏ.டி.எம். வாசல்ல நிக்கிறவங்களுக்கும், ஆஸ்பத்திரி கேட்டுல திட்டு வாங்கறவங்களுக்கும், வெயில்ல கை காட்டுற ஊர்க்காவல் புள்ளைங்களுக்கும் இது தெரியும். உங்களுக்குத்தான் சொல்றேன்.

வில்லியனூர் தாண்டி ஒரு நூல் மில்லு. அங்க பொம்பளை காவலா நிக்கிறவ நான், பேரு புஷ்பம். எங்க காவல் ஆளுங்களுக்கும் யூனியன் உண்டு. யாரை எடுக்கணும், எப்படிப் பழக்கணும், தப்பு பண்ணா இன்னா செய்யணும்னு யூனியனும் நிர்வாகமும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் உண்டு. அந்த ஒப்பந்தத்தாலதான் எனக்கு வேலை வந்துச்சு. அதால ஒரு தடவை போகவும் பார்த்துச்சு.

உயரம் பத்தல

முதல்ல நான் மிஷின்ல நின்னவ. பஞ்சுத் தூசி நெஞ்சுல இறங்கிடுச்சு. இனிமே மிஷின் பக்கம் போகாதேன்னு டாக்டர் சொல்லிட்டார். நடவுக்குக் குனியலாம்னா மூச்சு விடாது. எங்க கரிக்கலாம்பாக்கத்துல நடவுக்கு நிலமும் இல்ல, பாதி வயல்ல மனைக் கல்லு நட்டுட்டாங்க. வூட்டுக்காரர் போய்ச் சேர்ந்துட்டார், ரெண்டு பொண்ணுங்க படிக்கிறாங்க. மிஷின்ல உடம்பு கெட்டவங்களை அனுப்பிடாம, காவல் வேலை காலியானா அவங்களைத்தான் முதல்ல கேக்கணும்னு ஒப்பந்தத்துல இருந்துச்சு. அப்படித்தான் என்னைக் கூப்பிட்டாங்க.

பட்டாளத்துல இருந்து வந்த ஆபீசர் ஒருத்தர் எங்களுக்கு மேல. என்னைக் கதவோரமா நிக்க வச்சு அளந்தார். "போலீஸ்ல இந்த உயரத்தை வாசல்லயே திருப்பி அனுப்பிடுவான்"னார். பக்கத்துல யூனியன் செயலாளர் குப்புசாமி அண்ணன் வெத்தலையை ஒதுக்கிக்கிட்டு சொன்னார்: "சார், அந்தம்மா கேட்டைத் தாண்டிக் குதிக்கவா போவுது? குதிக்கிறவனைப் பார்க்கத்தானே போவுது."

சல்யூட்டு

எடுத்த அன்னிக்கே பழக்கிட முடியாது. பயிற்சி டூட்டி நேரத்துலதான் நடக்கணும், லீவு நாள்ல கூப்பிடக் கூடாதுன்னு ஒப்பந்தம். அதனால மத்தியான வெயில்ல லெஃப்ட் ரைட்டு. என் கூடச் சேர்ந்தவ தனம். பாகூர்ல இருந்து பஸ்ஸு புடிச்சு வருவா. ஒல்லியா, அமைதியா இருப்பா, கண்ணு மட்டும் சும்மா இருக்காது. வண்டி வந்தா சல்யூட்டு வைக்கணும்னு ஆபீசர் சொன்னார். இவ ஜி.எம். காருக்கு வச்சா, லாரிக்கு வச்சா, கழிவுப் பஞ்சு ஏத்தற டிராக்டருக்கும் விறைப்பா நின்னு வச்சா.

"ஏம்மா, டிராக்டருக்கா சல்யூட்டு?"ன்னு ஆபீசர் கத்தினார். தனம் கையை இறக்காமலே சொன்னா: "உள்ள யாரு குந்தினு இருக்காங்கன்னு நமக்கு இன்னா சார் தெரியும்? வைக்காம திட்டு வாங்கறதுக்கு, வச்சிட்டே வாங்கிக்கலாம்."

பானை

எங்க கேட்டுல ஒரு மண்பானை இருக்கு. கை நுழையற அளவுக்குத்தான் வாய். உள்ள சிவப்பும் வெள்ளையுமா பாட்டில் மூடிங்க. ஷிஃப்டு முடிஞ்சு போறவங்க கையை விட்டு ஒண்ணை எடுக்கணும். வெள்ளை வந்தா நேரா பஸ்ஸுக்கு ஓடலாம். சிவப்பு வந்தா தள்ளி நின்னு, தட்டி மறைச்ச ரூமுக்குள்ள நூல் கீல் ஒளிச்சு வச்சிருக்காங்களான்னு சோதனை. மூடியைத் திருப்பிப் போட்டுடணும். முன்னெல்லாம் சந்தேகம்னு சொல்லி ஒவ்வொருத்தியா இழுத்து நிறுத்துவாங்களாம். மானம் போச்சு, திருக்கனூர் பஸ்ஸும் போச்சுன்னு தினம் சண்டை. அதுக்கப்புறம்தான் பானை ஒப்பந்தத்துக்குள்ள வந்துச்சு.

முதல் வாரம் எனக்குக் கை கூசும். கூட மிஷின்ல நின்னவங்களையே தடவிப் பார்க்கணுமே. ஒரு நாள் என் பழைய சிநேகிதி வள்ளிக்குச் சிவப்பு வந்துடுச்சு. நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டே சோதிச்சேன். அவ சிரிச்சா. "எதுக்குடி மூஞ்சியைத் தொங்கப் போடற? என்னைப் புடிச்சது அந்த மூடி, நீ இல்ல."

தூங்கறவருக்கும் ஆள் உண்டு

ஆம்பளைங்க பக்கம் காவல் ஏகாம்பரம். பட்டப்பகல்ல, நின்னுக்கிட்டே தூங்குவார். தப்பு பண்ணவரை முதல்ல வாய்ல கண்டிக்கணும், அப்புறம் எழுத்துல, அப்புறம் விசாரணை, விசாரணையில அவர் பக்கத்துல உக்கார யூனியன் ஆள் ஒருத்தர். இதுதான் ஒப்பந்தம். ஒவ்வொரு தடவையும் குப்புசாமி அண்ணன் போய் உக்காருவார், ஏகாம்பரம் திரும்பி வந்து அதே தூணுல சாஞ்சுக்குவார். ஆபீசருக்கு ரத்தக் கொதிப்பு ஏறினதுதான் மிச்சம்.

எனக்கே எரிச்சல். "இவரைக் காப்பாத்தறதுக்கா அண்ணே நாமெல்லாம் சந்தா கட்டறோம்?"னு கேட்டுட்டேன். அண்ணன் கோவப்படல. "யம்மா புஷ்பம், இன்னிக்கு அவன் பக்கத்துல உக்காந்தாதான் நாளைக்கு உன் பக்கத்துல உக்கார முடியும்."

ஜி.எம். மாமியார்

அண்ணன் சொன்ன அந்த நாளு வர வருசமெல்லாம் ஆகல. ஜி.எம்.மோட மாமியார் சென்னையில இருந்து மில்லைச் சுத்திப் பார்க்க வந்தாங்க. பட்டுப் புடவை, கையில பெரிய பை. சாயங்காலம் ஷிஃப்டு கூட்டத்தோட கூட்டமா கேட்டுக்கு வந்துட்டாங்க. வெளிய போற ஒவ்வொருத்தரும் பானையில கை விடணும்னுதானே எனக்குப் பழக்கினது? நீட்டினேன். அந்தம்மா ஏதோ கோயில் குலுக்கல்னு நினைச்சு ஆசையா கையை விட்டாங்க. சிவப்பு.

வரிசையில அத்தனை பொண்ணுங்களும் என்னையே பார்க்கிறாங்க. இவங்களை விட்டுட்டு அடுத்த சிவப்பை நான் எப்படி நிறுத்துவேன்? மரியாதையாத்தான் உள்ள கூட்டிப் போய்ப் பார்த்தேன். பையில கண்ணாடியும் மாத்திரையும்தான் இருந்துச்சு. வெளிய வந்ததும் அந்தம்மா எல்லார் முன்னாலயும் கேட்டாங்க. "என்னைப் பார்த்தா நூல் திருடுறவ மாதிரியா இருக்கு?"

என் தம்பியோட தொப்பி

மறுநாளே என் மேல குற்றச்சாட்டு வந்துடுச்சு. விருந்தாளியை அவமானப்படுத்திட்டேனாம், விசாரணை முடியற வரைக்கும் வேலை இல்லையாம். இந்த நெஞ்சை வச்சுக்கிட்டு வேற எந்த வேலைக்குப் போவேன்?

என் தம்பி போலீஸ்ல கான்ஸ்டபிள். சேதி கேட்டு வூட்டுக்கு வந்தான். எனக்குப் பக்கத்துல உக்கார ஆள் உண்டு, வெளி ஆளா ஒரு வக்கீல் வந்து ரெண்டு பக்கமும் கேட்டுட்டுத்தான் முடிவு பண்ணுவாங்கன்னு சொன்னேன். அவன் ஆறுதல் சொல்ல வந்ததையே மறந்துட்டான். சிவப்புத் தொப்பியைக் கழட்டி மடியில வச்சுக்கிட்டு சொன்னான்: "நீ குடுத்து வச்சவக்கா. நாங்க யூனியன்னு வாயைத் தொறந்தாலே சட்டம் குறுக்க வந்து நிக்கும். எனக்கு மெமோ வந்தா, கூட நிக்கறதுக்கு இந்தத் தொப்பிதான்."

தனம் உள்ள வரல

நடந்ததை முழுசாப் பார்த்தவ தனம்தான். விசாரணையில வந்து சொல்லுடின்னு கெஞ்சினேன். "உள்ள வந்து உக்காந்தா எனக்கு நாக்கு ஒட்டிக்கும்க்கா. நான் கேட்டுலயே நிக்கிறேன்"னுட்டா. எனக்கு மனசே விட்டுப்போச்சு.

புதுச்சேரி டவுன்ல இருந்து வக்கீலம்மா வந்தாங்க. குப்புசாமி அண்ணன் சொன்னபடியே என் பக்கத்துல உக்காந்து தொண்டை வறளப் பேசினார். ஜி.எம். ஒரே பேச்சா நின்னார்: "கௌரவமான ஒரு அம்மாவைச் சோதனை போட்டது அவமானமா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க." வக்கீலம்மா முகத்துல ஒண்ணும் தெரியல. முடிவை எழுதி அனுப்பறேன்னு எழுந்துட்டாங்க. கேட்டுக்கு வெளிய நின்ன கார் வரைக்கும் வழியனுப்ப ஜி.எம்.மே கூடப் போனார். நாங்களும் பின்னால போனோம்.

கேட்டுல தனம். விறைப்பா ஒரு சல்யூட்டு. அடுத்த கையில பானை.

"ஏய், மேடத்துக்கு வேணாம்"னார் ஜி.எம். "இருக்கட்டும் சார், எல்லாரும் எடுக்கறதுதானே"ன்னு வக்கீலம்மா கையை விட்டாங்க. சிவப்பு. தனம் அவங்களைத் தட்டிக்குப் பின்னால கூட்டிப் போனா. திரும்பி வந்து முந்தானையைச் சரி பண்ணிக்கிட்டு இருந்தவங்ககிட்ட, அத்தனை பேர் முன்னால கேட்டா: "மேடம், உங்களை நான் எதுனா அவமானப்படுத்திட்டனா?"

வக்கீலம்மா ஒரு நொடி ஜி.எம்.மைப் பார்த்தாங்க. அப்புறம் என்னைப் பார்த்தாங்க. "சிவப்பு வந்துச்சு, பார்த்தீங்க. இதுல அவமானம் எங்கம்மா இருக்கு?"

அதையே எழுத்துல அனுப்பினாங்க. நான் மறுபடி கேட்டுக்கு வந்துட்டேன். குப்புசாமி அண்ணனையும் வக்கீலம்மாவையும், ஏன், தூங்கற ஏகாம்பரத்தையும் சேர்த்துத்தான் இன்னிக்கும் கும்பிடறேன். ஆனா அன்னிக்குக் கார் ரோடு ஏறினதும் தனம் செஞ்சதை நான் மட்டும்தான் பார்த்தேன். பானையைக் கவிழ்த்தா. விழுந்தது அத்தனையும் சிவப்பு. இடுப்புப் பையில இருந்து வெள்ளை மூடிங்களை அள்ளி, சிவப்போட கலந்து திரும்ப உள்ள போட்டா. என்னைப் பார்த்து ஒரு சல்யூட்டு வச்சா.

எங்க ஒப்பந்தத்துல எத்தனையோ எழுதியிருக்கு, பானைக்குள்ள எந்நேரமும் வெள்ளையும் இருக்கணும்னு மட்டும் எழுத மறந்த மகராசன் யாரோ, அவர் புள்ளக்குட்டியோட நல்லா இருக்கணும்.