சிவந்து போன துரைக் கொழுக்கட்டை

சீவலப்பேரியில் மாமனார் வீட்டில் நான் இருந்த வருஷங்களைப் பற்றி யாராவது கேட்டால் பேச்சை மாற்றிவிடுவது என் வழக்கம். வீட்டோடு மாப்பிள்ளை என்றாலே ஊரில் ஒரு மாதிரி சிரிப்பார்கள். நான் அதற்கும் ஒரு படி மேலே போய் அடுப்போடு மாப்பிள்ளை ஆனவன். ஐரோப்பாவில் பெரிய யுத்தம் தொடங்குவதற்குச் சற்று முந்திய காலம் அது. எனக்கு வயது இருபத்திரண்டு.

சின்ன வயதிலேயே தாய் தகப்பனை இழந்த என்னைப் பாளையங்கோட்டையில் படிக்க வைத்து, தன் ஒரே மகளையும் கொடுத்தவர் மாமனார். கொடுமைக்காரராக இருந்திருந்தால் மனசுக்குள்ளாவது திட்டித் தீர்த்திருப்பேன். அவரோ பந்தியில் என் இலைக்கு நெய் விழாமல் தன் சோற்றில் கை வைக்க மாட்டார். அந்த நெய் ஒவ்வொரு வேளையும் என் வாயை அடைத்துக்கொண்டே இருந்தது.

இந்த அடுப்பு வம்பை விலைக்கு வாங்கியவன் நான்தான். பாளையங்கோட்டையில் நான் தங்கியிருந்த அறைக்குப் பின்னால் ஒரு துரை பங்களாவின் சமையல்கட்டு. அங்கே பட்லர் கோதுமை மாவில் கள்ளை விட்டுப் பிசைவான். ஈரத்துணி போட்டு மூடி வைத்தால் மாவு பொம்மென்று இரண்டு பங்காகப் பொங்கும். அதைத் தட்டி, கொத்துக்கறி வைத்து, சோமாசி மாதிரி மடித்துத் தணலில் வேக வைப்பான். படிக்க வேண்டிய நேரத்தில் ஜன்னல் வழியாக இதைத்தான் படித்தேன். கல்யாணமான புதிதில் மனைவியிடம் பெருமையடிக்கப் போய், அவள் செய்து காட்டச் சொல்ல, கறிக்குப் பதில் வாழைக்காயும் மிளகும் மஞ்சளும் வதக்கி உள்ளே வைத்துச் செய்தேன். அதில் ஒன்று மாமனார் தட்டுக்குப் போயிற்று. அன்றோடு என் கதை முடிந்தது.

சைவ வீட்டில் கள் ஏது என்று கேட்பீர்கள். பனையில் கட்டும் கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் இறங்குவது பதநீர், தடவாவிட்டால் கள். சுண்ணாம்பைக் கொஞ்சமாகத் தடவிய பதநீரை ஒரு பகல் சும்மா வைத்தால் அது தன் குணத்தைக் காட்டிவிடும். நான் செய்தது அதைத்தான்.

"இது எதுல பொங்குது மாப்பிள்ளை?" என்று மாமனார் ஒரு தடவை கேட்டார்.

"பதநீர்ல, மாமா."

"பதநீரா? அது ஒடம்புக்குக் குளிர்ச்சில்லா" என்று இன்னொன்றை எடுத்துக்கொண்டார். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. துரைக் கொழுக்கட்டை என்று பெயர் வைத்ததும் அவர்தான்.

மாமனாருக்கு ஆனரரி மாஜிஸ்டிரேட் ஆக வேண்டும் என்று ஆசை. துரை சிபாரிசு செய்தால் கிடைக்கும் கௌரவப் பதவி அது. தாலுகாவைப் பார்வையிட வரும் வெள்ளைக்கார துரை ஆற்றங்கரைத் தோப்பில் கூடாரம் போடும்போதெல்லாம் எலுமிச்சம்பழமும் வாழைத்தாருமாகப் போய் நிற்பார். பழம் கொண்டுபோகிறவர்கள் ஊருக்குப் பத்துப் பேர். கொழுக்கட்டை கொண்டுபோனவர் இவர் ஒருவர்தான். துரைக்கு அது பிடித்துப் போயிற்று. அதற்குப் பிறகு கூடாரச் சாமான் ஏற்றிய வண்டிகள் ஊருக்குள் வருவதைப் பார்த்தாலே என் மனைவி சல்லடையை எடுத்து வைத்துவிடுவாள்.

மாடு இல்லாத ஒரு தொழுவம்தான் என் இடம். மண்ணெண்ணெய்த் தகரத்தை வெட்டிச் செய்த பெட்டி, கீழே தணல், மேலே தணல். புகையில் கண் எரியும். அதைக்கூடத் தாங்கலாம். மாவைத்தான் தாங்க முடியாது. பச்சைக் குழந்தையை விட்டுப் போனாலும் போகலாம், பொங்குகிற மாவை விட்டுப் போக முடியாது. கொஞ்சம் அசந்தால் புளித்து நாறிவிடும். ஆற்றில் குளிக்கப் போகிறவர்களின் சத்தம் கேட்கும். நான் ஈரத்துணியைத் தூக்கிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். துணிக்கு அடியில் அது உப்ப உப்ப எனக்கு மூச்சு முட்டும். மெட்ரிகுலேஷன் பாஸ் செய்தவன் நான் என்பது எனக்கே மறந்து கொண்டிருந்தது.

அந்த வருஷம் ஆனி மாதம் என்னோடு படித்தவன் ஒருவன் வந்தான். வள்ளியூரில் வாத்தியாராக இருந்தான். அவன் பள்ளிக்கூடத்தில் இன்னொரு வாத்தியார் இடம் காலி.

"ஆடி பொறக்கதுக்குள்ள வந்துரு லே. வீடும் பாத்து வச்சிருக்கேன். அதுக்கு மேலன்னா வேற ஆளப் போட்டுருவாவ" என்றான்.

என் மனைவி கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அன்று சாயங்காலமே தன் பழைய சேலையை விரித்து, சீதனமாக வந்த சட்டிபானைகளில் எதெது வேண்டும் என்று பார்த்துக் கட்ட ஆரம்பித்துவிட்டாள். அவள் முகத்தில் அப்படி ஒரு தெளிச்சியை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. தனக்கென்று ஒரு அடுப்பு, அதில் தன் இஷ்டத்துக்கு ஒரு குழம்பு, அவளுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

"அப்பாட்ட நீங்கதான் சொல்லணும். நான் சொன்னா நான் தூண்டிவிட்ட மாதிரி ஆயிரும்" என்றாள்.

சொல்வதற்கு என்ன, நாலு வார்த்தை. தினமும் போய் அவர் எதிரில் நிற்பேன். "மாமா" என்று தொடங்குவேன். அவர் நிமிர்ந்து, "என்ன மாப்பிள்ளை?" என்று அன்பாகக் கேட்பார். "வாய்க்கால்ல தண்ணி வந்துட்டு மாமா" என்று சொல்லிவிட்டுத் திரும்புவேன். இப்படி வாய்க்கால், வைக்கோல், வண்டிமாடு என்று வீட்டிலுள்ள சங்கதி எல்லாம் சொல்லித் தீர்த்தேன், வள்ளியூர் மட்டும் வரவில்லை. மாதம் முடிய நாலைந்து நாள்தான் இருந்தது. அப்போது பார்த்துக் கூடார வண்டிகள் வந்தன.

எனக்கு ஒரு யோசனை தோன்றியது. கொழுக்கட்டை கெட்டுப்போய் துரை முன்னால் மானம் போனால், இவன் எதற்கும் லாயக்கில்லை என்று மாமனாரே என்னைத் தள்ளிவிட மாட்டாரா? மனைவியின் வெற்றிலைச் செல்லத்தைத் திறந்து நெல்லிக்காய் அளவு சுண்ணாம்பை எடுத்துப் பதநீரில் கரைத்தேன். மாவு களிமண்ணாகக் கிடந்தது. மத்தியானம் வரைக்கும் துணியை எடுத்து எடுத்துப் பார்த்தேன், ஒரு விரற்கடைகூட எழும்பவில்லை. அவ்வளவு சந்தோஷமாக நான் அந்தத் தொழுவத்தில் என்றைக்கும் இருந்ததில்லை.

கூடாரத்தில் துரை நாற்காலியில் இருந்தார். மாமனார் கைகட்டி நின்றார். நான் கூடாரக் கயிற்றுக்குப் பக்கத்தில். துரை ஒன்றை எடுத்துக் கடித்தார். கடிபடவில்லை. கத்தியை வாங்கி அழுத்தி அறுத்தார். உள்ளே ஆரத்தி கரைத்து ஊற்றின மாதிரி செக்கச் சிவப்பு. சுண்ணாம்பு போட்ட நான் மஞ்சளை மறந்துவிட்டேன். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று பச்சைப்பிள்ளைக்குக்கூடத் தெரியும். மாமனாரின் முகம் வெளிறிப் போயிற்று. வள்ளியூர் வந்துவிட்டது என்றே நினைத்தேன்.

துரை வெகுநேரம் மென்றார். தண்ணீர் குடித்தார். பிறகு பரீட்சைக்குப் படித்த தமிழில், "மிகவும் நன்று. சென்ற முறையைக் காட்டிலும் நன்று. இந்தச் சிவப்பு நிறம் யாது?" என்றார்.

மாமனாருக்கு உயிர் திரும்பியது. "விசேஷப் பக்குவம் தொரை. எங்க மாப்பிள்ளை கைப்பக்குவம்" என்றார். துரை இன்னொன்றையும் எடுத்துக்கொண்டார். அது மரியாதையா, அவர்கள் நாக்கே அப்படித்தானா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. ஓவென்று அழ வேண்டும் போலிருந்தது.

மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மனைவி ஒன்றை உடைத்தாள். ஒரு தடவைதான் பார்த்தாள்.

"சுண்ணாம்பு போட்டியளா?"

நான் மிச்சக் கொழுக்கட்டைகளை எண்ண ஆரம்பித்தேன்.

"மாவு போயி அப்பாட்ட பேசும்னு நெனச்சியளாக்கும்" என்றாள். கோபம்கூட இல்லை அவள் குரலில். "வாய் ஒங்களுக்குத்தான இருக்கு? இங்கன யாரு ஒங்களக் கதவப் பூட்டி வச்சிருக்கா?"

மறுநாள் காலையில் ஆற்றில் கழுத்தளவு தண்ணீரில் நின்று சொல்லிப் பார்த்தேன். "மாமா, நாங்க வள்ளியூர் போறோம்." அங்கே நன்றாகத்தான் வந்தது. ஈர வேட்டியோடு அதையே முணுமுணுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். துரையை வழியனுப்பிவிட்டு மாமனார் அப்போதுதான் வந்து உட்கார்ந்திருந்தார். மனைவி அரங்கு என்ற உள்ளறையின் கதவுக்குப் பின்னால் நின்றாள். கட்டி வைத்த மூட்டை அவள் காலடியில் இருந்தது.

"மாமா" என்றேன்.

"வாங்க மாப்பிள்ளை. ஒங்களத்தான் தேடுனேன்" என்றார் அவர். அவருடைய கண் கலங்கியிருந்தது. "நமக்குப் பதவி வந்துரும் போல இருக்கு. ஆடி பொறந்ததும், பத்து நாள்ல தொரை திரும்ப வாராராம். கூட்டாளிமாரும் வாராவளாம். அதே செவப்புக் கொழுக்கட்டைதான் வேணுமாம்."

நான் வாயைத் திறந்தேன். நாலு வார்த்தையும் நாக்கு நுனியில்தான் இருந்தது.

"எத்தன பேருக்கு, மாமா?" என்றேன்.

கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. மூட்டையின் முடிச்சை அவள் அவிழ்த்தாள். சட்டி, செம்பு, கரண்டி என்று ஒவ்வொன்றாகப் பழைய இடத்தில் வைக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கடைசியாகப் பெரிய தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். என் முகத்தைப் பார்க்காமல் அதை என் முன்னால் வைத்தாள்.

"மாவு பிசையணும்லா" என்றாள்.