ஆடியில் இறங்கும் விலை

பூண்டி பொன்னுச்சாமி அண்ணன், வியாபாரி முதலில் கேட்ட விலைக்கே பூண்டை விற்றார் என்று யாராவது சொன்னால் கொடைக்கானல் மேல்மலையில் ஒருவரும் நம்ப மாட்டார்கள். பூண்டைத் தாளோடு பிடுங்கி, கட்டுக்கட்டாக முடிந்து, அடுப்புக்கு மேலே பரணில் தொங்கவிட்டுவிடுவார். புகை படப்பட அது மாதக்கணக்கில் கெடாது. வியாபாரி மூன்று தடவை மலையேறி வருவான். மூன்று தடவையும் காப்பி கொடுத்து அனுப்பிவிடுவார். நாலாவது தடவை அவன் சொல்லும் விலைக்குத்தான் பரணில் ஏணி சாத்துவார். அப்படிக் காத்திருந்து விற்ற காசில்தான் வீட்டுக்குத் தளம் போட்டார், ஒரே மகள் தாரணியைக் கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் படிக்க வைத்தார், குறையில்லாமல் கல்யாணமும் செய்தார். அவருடைய பொறுமையைக் கேலி செய்ய எனக்கு யோக்கியதை கிடையாது. கோபம் மட்டும் உண்டு. அதில் பாதி என் மேலேயே.

நான் குகன். நாயுடுபுரத்தில் டிராவல்ஸ் வைத்திருக்கிறேன். டிராவல்ஸ் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், வாடகைக்கு இரண்டு கார். பஸ் டிக்கெட் தினமும் போடுவேன், பிளேன் டிக்கெட் எப்போதாவது. அண்ணன் எனக்குத் தூரத்துச் சொந்தம். கொடைக்கானலுக்கு உரம் வாங்க வந்தால் என் கடையில் உட்காராமல் போக மாட்டார்.

போன வருஷம் மாசி மாதம் வந்தபோது பூரிப்பாக இருந்தார். கல்யாணமாகி டொராண்டோவில் இருக்கும் தாரணி உண்டாகியிருந்தாள். ஆடி நடுவில் நாள் சொல்லியிருந்தார்கள். எங்கள் பக்கம் தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். அவளால் வர முடியாது என்பதால் அவள் அம்மா புவனா மதினி அங்கே போவதென்று முடிவாகி, விசாவும் வந்துவிட்டது. மருமகன் மனோஜ்குமார் டிக்கெட்டைத் தானே எடுப்பதாகச் சொல்லியிருக்கிறான். அண்ணன் விடவில்லை.

"மொதப் பிரசவச் செலவு பொண்ணப் பெத்தவனோடது தம்பி. மருமகன் காசுல போயி மகளுக்குப் பிரசவம் பாத்தா, ஊருல நான் தலகாட்ட முடியுமா?" என்றார்.

பார்த்துச் சொன்னேன். மதுரையிலிருந்து போகவர தொண்ணூற்றாறாயிரம். கனடாவுக்கு அது நல்ல விலை. அத்தோடு வாயை மூடியிருக்க வேண்டும். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். முந்தின வருஷம் ஒரு வாத்தியாருக்கு இரண்டு வாரம் பொறுத்திருந்து பன்னிரண்டாயிரம் குறைத்து எடுத்துக் கொடுத்த கதையை, என் சாமர்த்தியம் தெரியட்டும் என்று அவிழ்த்துவிட்டேன்.

அண்ணன் முகத்தில் ஒரு வெளிச்சம். "அப்ப இதுவும் ஏறி எறங்குற சரக்குதானா?"

"ஆமாண்ணே. தினமும் மாறும்."

"அதச் சொல்லு. அப்ப பொறுப்போம்."

அதற்கப்புறம் விமான விலை அவருக்குப் பூண்டு விலையாகிவிட்டது. வாரம் ஒரு போன். "இன்னைக்கு என்ன போகுது?" என்று கேட்பார். பங்குனியில் ஒரு லட்சத்து ஐயாயிரம். "ஏத்துறான். நம்ம அவசரம் தெரிஞ்சிருச்சுன்னா இன்னும் ஏத்துவான். கேக்காத மாதிரி இரு," என்று எனக்கே புத்தி சொன்னார். சித்திரையில் ஒன்று இருபத்தைந்து. அப்போதுதான் மனசுக்குள் வைத்திருந்த கணக்கைச் சொன்னார்.

"ஆடி பொறக்கட்டும்டா. ஆடியில எவனாச்சும் பயணம் போவானா? துணிக்கடையில இருந்து பீரோக்கட வரைக்கும் தள்ளுபடி. பிளேன் மட்டும் என்ன ஒசத்தி? ஆள் ஏறலைன்னா வெலைய எறக்கித்தான ஆகணும். ஆடி மூணாந்தேதி ஏத்தி விட்டா, வலி எடுக்க முந்தி ஒங்க மதினி போய்ச் சேந்துருவா."

இதைக் கேட்டு நான் சிரித்தேன். சிரித்ததுதான் தப்பு. நியாயமாகச் சத்தம் போட்டிருக்க வேண்டும். ஆடி என்பது நமக்குத்தான். படிக்கப் போகிற பிள்ளைகளும், லீவுக்கு வந்து திரும்புகிறவர்களும் முண்டியடிக்கிற நேரம் அது. சீட்டே கிடைக்காது. அண்ணன் காலமெல்லாம் விற்கிற பக்கத்திலேயே இருந்து பழகியவர். சரக்கைக் கையில் வைத்திருப்பவன் காத்திருந்தால் விலை அவனைத் தேடி வரும். இங்கே சரக்கு கம்பெனிக்காரனிடம் இருக்கிறது, அவசரம் நம்மிடம் இருக்கிறது. இதை நான் அவருக்கு ஐந்து நிமிஷத்தில் விளக்கியிருக்கலாம். "வெரசா எடுத்துருங்கண்ணே, ஆடியில ஏறத்தான் செய்யும்" என்று ஒரு வார்த்தை சொன்னேன். "நீ டிக்கெட் விக்கிறவன், அப்படித்தான் சொல்லுவ" என்று அவர் சிரித்தார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. கமிஷனுக்காகச் சொல்கிறேன் என்று நினைக்கிற மனுஷனிடம் எதற்கு மல்லுக்கட்ட வேண்டும் என்று விட்டுவிட்டேன்.

வைகாசியில் மதினியே கூப்பிட்டார். அண்ணனுக்குத் தெரியாமல் தோட்டத்திலிருந்து பேசினார்.

"தம்பி, மருந்துப் பொடியெல்லாம் இடிச்சு வச்சிட்டேன். பெட்டி கட்டிக் கெடக்கு. அவரு ஆடி ஆடின்னே சொல்றாரு. பிள்ள தெனமும் 'எப்பம்மா வர்ற'ன்னு கேக்குறா. நீயாச்சும் சொல்லுய்யா."

"சொல்றேன் மதினி" என்றேன். சீசன் நேரம். கடை வாசலில் வண்டி கேட்டு ஒரு கூட்டம் கத்திக்கொண்டிருந்தது. அந்த வாரம் சொல்லவில்லை. அடுத்த வாரமும் சொல்லவில்லை. அப்புறம் மறந்தே போனேன். எனக்கு இருந்த சோலி அப்படி என்று பிறகு பல தடவை எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அது எடுபடவில்லை.

ஆனி இருபதாம் தேதி வாக்கில், நான் கடையைத் திறக்கும்போதே இரண்டு பேரும் வாசலில் நின்றார்கள். பூண்டியிலிருந்து வெள்ளனே கிளம்புகிற பஸ்ஸில் வந்திருக்கிறார்கள். மதினி கண் சிவந்திருந்தது. சொன்ன நாளுக்கு நாலு வாரம் முந்தியே தாரணிக்கு வலி வந்து, சிக்கலாகி, ஆபரேஷன் செய்து பெண் குழந்தையை எடுத்திருக்கிறார்கள். மனோஜ்குமார் வேலையாக வேறு ஊருக்குப் போயிருந்தானாம். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது பக்கத்து வீட்டுப் பஞ்சாபிக்காரப் பெண். உள்ளே கொண்டுபோகும் வரை கையைப் பிடித்துக்கொண்டு நின்றதும் அவள்தான். பிழைத்துக்கொண்டார்கள், தாயும் பிள்ளையும்.

"என்ன வெலையானாலும் போடு குகா. இன்னைக்கே போடு," என்றார் அண்ணன். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை நான் கேட்டதில்லை.

இரண்டு லட்சத்துப் பத்தாயிரம் காட்டியது. மறுபேச்சு இல்லாமல் தலையாட்டினார். விவரம் கேட்கத் தாரணிக்குப் போன் போட்டு மேஜைமேல் வைத்தேன். குரல் களைத்துப்போயிருந்தது. அம்மா நாளைக்கே கிளம்புகிறாள் என்று அண்ணன் சொன்னார்.

"வேணாம்ப்பா," என்றாள். "எல்லாம் முடிஞ்சிருச்சு. இனி என்ன அவசரம்? வெலை எறங்கட்டும், அப்புறம் அனுப்புங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். சாதாரணமாகச் சொன்னாள். கடைக்காரனிடம் ஒரு சாமான் இல்லை என்று தெரிந்து, பரவாயில்லை என்று திரும்பிப் போகிறவளைப் போல. அண்ணன் போனைக் கையில் எடுத்து, காதில் வைத்து, மறுபடி கீழே வைத்தார். மதினி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டார். எனக்கு அழுகை வந்தது. அழுதேன்.

புரட்டாசிக் கடைசியில் விலை இறங்கியது. நான் போன் செய்யாமலே அண்ணன் வந்தார். இளைத்திருந்தார். தாடியைக்கூட மழிக்கவில்லை.

"எவ்வளவு காட்டுது?"

"தொண்ணூத்தாறுண்ணே."

"மாசியில சொன்னது எவ்வளவு?"

"அதே தொண்ணூத்தாறுதாண்ணே."

மேஜையைச் சுற்றி வந்து, திரையில் அந்த எண்ணைத் தன் கண்ணால் பார்த்தார். பிறகு, "போடு" என்றார். போடுவதற்கு முன்னால் எதற்கும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வோம் என்று மதினியைக் கூப்பிட்டேன்.

"எதுக்குத் தம்பி?" என்றார் மதினி. "ஊரு பாக்கவா? எம்மக வலியில கெடந்தப்ப அவ கையப் பிடிக்கத்தான் நான் போறேன்னேன். அதுக்கு ஒருத்தி வந்துட்டா. இனிமே போயி எந்த மூஞ்சியோட அவ முன்னால நிப்பேன்? டிக்கெட் வேணாம்னு ஒங்க அண்ணன்கிட்டச் சொல்லிரு."

ஸ்பீக்கரில்தான் போட்டிருந்தேன். அண்ணனே எல்லாவற்றையும் கேட்டுவிட்டார். அண்ணன் என்னைப் பார்த்தார், நான் கம்ப்யூட்டரைப் பார்த்தேன். சொல்ல வேண்டியதை அவரிடம் மாசியிலேயே சொல்லியிருக்க வேண்டும்.