பாதரசம் இறங்கிய காலை

மதராஸ் வானிலை ஆபீஸிலிருந்து எனக்கு வந்த முதல் மெமோவில் மூன்றே வரிகள் இருந்தன. இந்தத் தேதியில் வேலூர் அனுப்பிய காற்றழுத்தம் பக்கத்து ஊர்களோடு ஒத்துப்போகவில்லை. ஓர் அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு கூடுதலாகப் படித்திருப்பதாகத் தெரிகிறது. அளவு பார்க்கும் அப்ஸர்வர் இனிக் கவனமாக இருக்கவும்.

அதைப் படித்தபோது எனக்குக் காது சுட்டது. பள்ளியிலும் காலேஜிலும் கணக்கில் தவறாதவன் என்று பெயர் எடுத்தவன் நான். அந்தக் காகிதத்தை நாலாக மடித்து மேஜை இழுப்பறையில் அடியில் வைத்தேன். அதை யாரும் பார்க்கவில்லை. ஆனால் ஒவ்வொரு நாளும் காலையில் இழுப்பறையைத் திறக்கும்போது அது அங்கே இருக்கிறது என்ற நினைவு வரும். நான் சொல்லப்போகும் தப்புக்கு அந்த நினைவுதான் வித்து. சாக்குச் சொல்வதற்காக இதை எழுதவில்லை. நடந்த வரிசையில் சொல்கிறேன்.

1. எட்டு மணி வேலை

நான் வேலூர் சர்க்கார் கச்சேரியில் கிளார்க். வானிலை பார்ப்பது கூடுதல் வேலை. காம்பவுண்டின் ஒரு மூலையில் தெர்மாமீட்டர்கள் தொங்கும் மரக்கூண்டு, மழைமானி, கம்பத்தின் உச்சியில் காற்றுத் திசை காட்டி. காற்றழுத்தத்தை அங்குலக் கணக்கில் காட்டும் பாரோமீட்டர் மட்டும் உள்ளறையில், பூட்டிய மரப்பெட்டிக்குள். சாவி என் அரைஞாணில்.

காலை எட்டு மணிக்கு எல்லாவற்றையும் படித்து, ரிஜிஸ்டரில் எழுதி, மதராஸுக்குத் தந்தி அடிக்க வேண்டும். பல ஊர்களிலிருந்தும் இப்படித் தந்திகள் போகும். அவற்றை ஒரு படத்தில் வரைந்து பார்த்துத்தான் மழை வருமா, புயல் வருமா என்று அங்கே சொல்வார்கள். ஓர் ஊர் தப்பாகச் சொன்னால் படத்தில் கோடு கோணும்.

பாரோமீட்டர் படிப்பது பொறுமையான வேலை. அடியில் உள்ள திருகைத் திருப்பி, தொட்டியில் உள்ள பாதரசத்தை ஒரு யானைத்தந்த முனை தொடும் மட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். முனையும் அதன் பிம்பமும் ஒன்றையொன்று தொட்டால் சரி. பிறகு குழாயை விரலால் மெல்லத் தட்ட வேண்டும். பாதரசத்தின் தலை மேல், மேலும் கீழும் நகரும் ஓர் ஓட்டத் தகட்டை இறக்கி, கண்ணை மட்டத்தில் வைத்து அங்குலம், பத்தில் ஒன்று, நூறில் ஒன்று, ஆயிரத்தில் ஒன்று என்று படிக்க வேண்டும். புதியவர்கள் எல்லோரும் செய்யும் தப்பு, கடைசி இலக்கங்களைக் கவனமாகப் பார்த்துவிட்டுப் பத்தில் ஒன்றைத் தவற விடுவது. என் மெமோ அந்தத் தப்புக்குத்தான் வந்தது.

எனக்கு அந்தக் கருவி மேல் பிரியம் உண்டு. இதையும் சொல்லிவிடுகிறேன். பெட்டியைத் திறந்ததும் அந்த வெள்ளித் தலை பளிச்சென்று நிற்பதைப் பார்த்தால் மனசு அடங்கும்.

2. கரீம் மேஸ்திரி

பாலாற்றங்கரையில் தோல் பதம் செய்யும் ஷாப் ஒன்று இருந்தது. முதலாளி ஆம்பூர்க்காரர். வேலை முழுவதையும் பார்த்துக்கொண்டவர் கரீம் மேஸ்திரி. லாங் பஜாரில் கடுக்காய்க்கும் எண்ணெய்க்கும் சொல்லிவிட்டுத் திரும்பும்போது, எட்டேகால் மணிக்கு எங்கள் வேலிக்கு வெளியே வந்து நிற்பார். ஆவாரம்பட்டை வாசனை அவருக்கு முன்னால் வரும்.

"இன்னா சார், பேகம் இன்னா சொல்றாங்க?"

பேகம் என்பது பாரோமீட்டர். பூட்டின அறைக்குள், பூட்டின பெட்டிக்குள் இருக்கிறது, என்னைத் தவிர யாரும் பார்த்ததில்லை. அதனால் அந்தப் பெயர்.

"பேகம் சந்தோஷமா இருக்காங்க மேஸ்திரி. நல்லா காயும்."

"அவங்க சந்தோஷம்தான் சார் நமக்குச் சோறு. எங்க வூட்டு பேகம் மூஞ்சப் பாத்து நான் எதுவும் சொல்ல முடியாது. உங்க பேகம் பரவால்ல."

வெளியாரிடம் அளவுகளைச் சொல்லக் கூடாது என்று என் மேலதிகாரி சொல்லியிருந்தார். நான் எண்ணைச் சொல்லவில்லை, காயுமா காயாதா என்று மட்டும் சொன்னேன். அது எனக்குப் பெருமையாக இருந்தது. மதராஸ் எனக்கு மெமோ அனுப்பியது. மேஸ்திரி என்னைக் கேட்டு நானூறு தோலைக் கயிற்றில் போட்டார்.

அவருக்கு அது ஏன் அவ்வளவு முக்கியம் என்று தெரிய வேண்டும். பட்டையில் பதம் செய்த ஆட்டுத்தோலைக் கடுக்காய்த் தண்ணீரில் முக்கி, எண்ணெய் பூசி, கடைசியாகக் காயவைப்பார்கள். அந்தக் கட்டத்தில் மழைத்துளி பட்டால் கறை விழும். கறை விழுந்தது விழுந்ததுதான். நிறம் ஒரே சீராக இல்லாத தோலைச் சீமைக்குக் கப்பல் ஏற்ற மாட்டார்கள். மழை நாளில் கூரைக்கு அடியில் நிழலில் மெதுவாகக் காயவிடுவது வழக்கம்.

அந்தப் புரட்டாசிக் கடைசியில், ஐப்பசி மழைக்கு முன்பாகக் கூரை மாற்ற வேண்டும் என்று ஷெட்டில் பாதிக் கூரையைப் பிரித்திருந்தார்கள். அதற்கு முந்தின லாட்டில் கறை விழுந்து முதலாளியிடம் மேஸ்திரி ஏச்சு வாங்கியிருந்தார். "இன்னொரு தபா இப்டி ஆச்சுன்னா வேற மேஸ்திரி பாத்துக்கறேன்னுட்டாரு சார்," என்று அவரே என்னிடம் சொன்னார். அப்போதும் சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

3. அந்தக் காலை

முந்தின நாள் அளவு 29.121. அன்று காலை பெட்டியைத் திறந்து, திருகைத் திருப்பி, குழாயைத் தட்டிப் படித்தேன். 29.018.

எங்கள் பக்கத்தில் ஒரு நாளைக்கு நூறில் இரண்டு மூன்று இறங்கினாலே கவனிப்போம். இது நூறில் பத்து. முதலில் தோன்றியது மழை அல்ல, மெமோ. மறுபடியும் பத்தில் ஒன்றைத் தவற விட்டேனா என்று பதறி, தகட்டை மேலே தூக்கி, மறுபடி இறக்கிப் படித்தேன். 29.018. தந்த முனையைப் பார்த்தேன். சரியாகத் தொட்டுக்கொண்டிருந்தது.

வெளியே வந்தேன். மாதக்கணக்காக மேற்கே பார்த்துக்கொண்டிருந்த திசைகாட்டி வடக்கே திரும்பியிருந்தது. உயரத்தில் சீப்பால் வாரினது போல மெல்லிய மேகக் கோடுகள். மற்றபடி வெயில். அசைவில்லாத புழுக்கம்.

இறங்கிய பாதரசமும் இவையும் ஒன்றையே சொல்லின: மழை. எனக்கு அது தெரியாமல் இல்லை. ஆனால் 29.018 என்று அனுப்பி, அது தப்பாக இருந்துவிட்டால் இரண்டாவது மெமோ. 29.118 என்று அனுப்பினால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். இரண்டு முறை கண்ணால் பார்த்ததை விட்டுவிட்டு, ரிஜிஸ்டரில் 29.118 என்று எழுதினேன். ஓர் இலக்கம்.

தந்தி போனது. எட்டேகாலுக்கு மேஸ்திரி வந்தார்.

"இன்னா சார், பேகம்?"

"நேத்து மாதிரிதான் மேஸ்திரி."

அவர் வானத்தைப் பார்த்தார். "காத்து நின்னுபோச்சே சார். மேல கோடு கோடா இருக்குது. ஷெட்டுல முக்காவாசி அடைச்சிடலாம், எடம் கொஞ்சம் கம்மி. வெளிய போட்டா சாயந்தரமே எடுத்துடலாம். நீங்க சொல்லுங்க."

அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். எழுதியது தந்திக்கு, இது உங்களுக்கு என்று பிரித்திருக்கலாம். ஆனால் பொய்யை எழுதினவனுக்கு அதை நம்ப வேண்டிய கட்டாயம் வந்துவிடுகிறது.

"போடுங்க," என்றேன்.

4. காற்றின் முகப்பு

இப்போது வருகிற இங்கிலீஷ் புத்தகங்களில் குளிர்ந்த காற்று ஒரு முகப்பு போல நகர்ந்து வந்து சூடான காற்றைத் தூக்கி எறிகிறது என்று படம் போட்டுக் காட்டுகிறார்கள். அது சீமைக்கான படம். நம் பக்கத்துப் புயல் மழையின் போக்கு வேறு. ஆனாலும் அந்தப் படத்தைப் பார்த்தால் எனக்கு அந்த மத்தியானம்தான் ஞாபகம் வரும்.

இரண்டு மணி இருக்கும். கச்சேரி ஜன்னல்கள் படபடவென்று அடித்துக்கொண்டன. மேஜைக் காகிதங்கள் பறந்தன. வெளியே போய்த் தெர்மாமீட்டரைப் பார்த்தேன். கால் மணி நேரம் முன்பு பார்த்ததைவிடப் பதினைந்து பாரன்ஹீட் டிகிரி இறங்கியிருந்தது. அதைக் குறித்துக்கொண்டு, குடையை எடுத்துக்கொண்டு ஆற்றங்கரைக்கு ஓடினேன்.

பாலாற்று மணலில் அந்தக் காற்றின் விளிம்பைக் கண்ணால் பார்த்தேன். வடகரையில் மணல் சுவர் போல எழுந்து இந்தப் பக்கம் வந்தது. அதன் பின்னால் கறுப்பாக மழை. கயிறுகளில் நானூறு தோலும் ஒன்றாகப் படபடத்தன. ஆணும் பெண்ணுமாக எல்லோரும் ஓடி ஓடி உருவிக்கொண்டிருந்தார்கள்.

"சார், நீங்க எதுக்கு இங்க? வேட்டி நாசமாப் பூடும்," என்று மேஸ்திரி கத்தினார். நான் குடையைப் போட்டுவிட்டு அவர் பக்கத்தில் நின்று உருவினேன். நூறு தோலைக் கூரைக்கு அடியில் சேர்த்திருப்போம். பிறகு மழை எங்கள் மேல் விழுந்தது.

மறுநாள் காலை மழைமானியில் நாலு அங்குலத்துக்கு மேல் இருந்தது. அதை ஒழுங்காக அளந்து எழுதினேன்.

என் எண் சரியாக இருந்திருந்தால் மதராஸிலிருந்து எச்சரிக்கை வந்திருக்குமா என்று எனக்குத் தெரியாது. வந்திருக்காமலும் போகலாம். ஆனால் கரீம் மேஸ்திரிக்கு மதராஸ் வேண்டியிருக்கவில்லை. நான் சொல்லியிருந்தாலே போதும்.

5. ஷாப்பில்

மூன்றாம் நாள் முதலாளி ஆம்பூரிலிருந்து ரயிலில் வந்தார். நானும் போயிருந்தேன், சொல்லிவிடலாம் என்றுதான். கறை விழுந்த தோல்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக் கீழே போட்டார்.

"யார்ரா சொன்னது வெளிய போடச் சொல்லி?"

மேஸ்திரி என் பக்கம் பார்க்கவே இல்லை. "யாரும் சொல்லல பாய். வெயிலப் பாத்து நானே போட்டேன். என் தப்புதான்."

கச்சேரிக்காரன் வெளியாருக்கு வானிலை சொன்னான் என்று தெரிந்தால் என் வேலைக்கு ஆபத்து என்று அவர் எனக்காகச் சொன்னார். நானும் எனக்காகவே பேசாமல் நின்றேன். அன்று மாலையே அவருக்கு வேலை போனது.

அடுத்த வாரம் மதராஸிலிருந்து இரண்டாவது மெமோ வந்தது. சுற்றிலும் உள்ள ஊர்களில் எல்லாம் அழுத்தம் இறங்கியிருக்க, நாலு அங்குல மழை பெய்த வேலூரில் மட்டும் ஏன் இறங்கவில்லை, விளக்கவும். எந்த மெமோவுக்குப் பயந்து எழுதினேனோ அதுவே வந்தது. நான் பதில் எழுதினேன்: பாதரசம் குழாயில் ஒட்டிக்கொண்டிருக்கலாம், கருவியைச் சோதிக்க வேண்டுகிறேன்.

பேகத்தின் மேல் பழியைப் போட்டேன்.

6. சோதனை

ஏழு மாதம் கழித்து இன்ஸ்பெக்டர் ஒருவர் தம் பாரோமீட்டரைக் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கிக்கொண்டு வந்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டி ஒரு பகல் முழுக்கப் படித்தார். இரண்டும் சொல்லிவைத்தது போலச் சேர்ந்தே நடந்தன.

"இவ்ளோ நல்ல கருவி நான் பாத்ததில்ல. ஒட்டவே இல்லையே," என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். "பத்திரமா பாத்துக்கோங்க," என்று மட்டும் சொல்லிப் பெட்டியை மூடினார்.

அடுத்த ஞாயிறு, மேஸ்திரி இருப்பதாகக் கேள்விப்பட்ட ஆம்பூருக்கு ரயில் ஏறினேன். மேஸ்திரி வேறொரு ஷாப்பில் தோல் சுரண்டிக்கொண்டிருந்தார். நாற்பது பேரை வேலை வாங்கினவர், சாய்ந்த கட்டையின் மேல் குனிந்து, இரண்டு கைப்பிடிக் கத்தியால் கொழுப்பை வழித்துக்கொண்டிருந்தார்.

"வாங்க சார், வாங்க. பேகம் சௌக்கியமா?"

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கத்தியைத் துடைத்துக் கட்டை மேல் வைத்தார்.

"எத்தினி எறங்கியிருந்தாங்க?"

"பத்துல ஒரு பங்கு."

"அது ஜாஸ்தியா?"

"ரொம்ப ஜாஸ்தி."

"பின்ன ஏன் சார்?"

"மெமோ வந்துடும்னு பயந்துட்டேன்."

"ஒரு காயிதத்துக்கா?"

அவர் கீழே கிடந்த தோலை ஓரமாகத் தள்ளினார். "தெரியலன்னு சொல்லியிருந்தா போதும் சார். தெரியலன்னா நான் ஷெட்டுலதான் போட்டிருப்பேன். தெரியாதவன் பேச்சைக் கேட்டு எவனும் தோலை வெளிய போட மாட்டான்." பிறகு தலையை ஆட்டிக்கொண்டார். "எம்மேல வந்தது போவட்டும். பாவம், பேகத்துமேல சொன்னீங்களே. அதுதான் பேஜாரா இருக்குது."

அன்றே பழைய முதலாளி வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். "இப்ப சொல்லி இன்னா சார் பிரயோஜனம்?" என்றார். "வேற மேஸ்திரி வந்து ஆறு மாசம் ஆவுது. இன்னா காரணம் சொல்லி அவன அனுப்புவேன்?" அவர் சொன்னது நியாயம். மதராஸுக்கும் உண்மையை எழுதினேன். குறித்துக்கொள்ளப்பட்டது, இனிக் கவனமாக இருக்கவும் என்று பதில் வந்தது.

இரண்டு வருஷம் கழித்துக் கரீம் மேஸ்திரி அந்த ஆம்பூர் ஷாப்பிலேயே மறுபடி மேஸ்திரி ஆனார். அது அவர் கையின் திறமை, என்னால் நடந்ததல்ல. ஒவ்வொரு புரட்டாசிக் கடைசியிலும் அவரிடமிருந்து ஒரு கார்டு வரும். யாரிடமோ சொல்லி எழுதியிருப்பார். "பேகம் இன்னா சொல்றாங்க?" அவ்வளவுதான். நானும் பதில் போடுவேன். பல தடவை "தெரியவில்லை" என்று எழுதியிருக்கிறேன். அவர் காலமாகும் வரை கார்டு நிற்கவில்லை.

இந்த வேலைக்கு வருகிற இளைஞர்களுக்கு ஒன்று. ரிஜிஸ்டரில் கடைசியாகக் 'குறிப்பு' என்று ஒரு கட்டம் இருக்கும். பெரும்பாலோர் அதைக் காலியாக விடுவார்கள். எண் உங்களுக்கே நம்ப முடியாததாக இருந்தால் எண்ணை மாற்றாதீர்கள். அந்தக் கட்டத்தில் எழுதுங்கள். அந்த ஆம்பூர்ப் பயணத்துக்குப் பிறகு நான் ஓய்வு பெறும் வரை என் பக்கங்களில் "இருமுறை பார்த்தேன், அதேதான்" என்ற வரி அடிக்கடி வரும். எனக்குப் பின் வந்தவர் அதைப் பார்த்துச் சிரித்ததாகக் கேள்விப்பட்டேன்.

அந்த ஒரு நாள் பக்கத்தில் மட்டும் குறிப்புக் கட்டம் காலியாக இருக்கிறது. முடித்து மூடிய ரிஜிஸ்டரில் இனி யாரும் எழுத முடியாது. அதில் இருந்திருக்க வேண்டியதை இங்கே எழுதிவிடுகிறேன்: 29.018. இருமுறை பார்த்தேன், அதேதான்.