இந்தோனேசியாவிலிருந்து ஒரு 'சூடா'

போன வருடம், கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நான் வேலை பார்க்கும் ரப்பர் கம்பெனியில் நடந்தது இது. எங்கள் கம்பெனி இந்தோனேசியாவில் ஒரு கிளை திறந்தது. அங்கே, ரப்பரை அச்சில் அழுத்திச் சூட்டில் வேகவைக்கும் பிரஸ் மெஷினில் ஆறு பேருக்கு வீடியோ காலில் வேலை கற்றுக்கொடுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. இருபது வருட சர்வீஸ் என்று எனக்கும் கொஞ்சம் தலைக்கனம்தான்.

எனக்கு இங்கிலீஷ் அரைகுறை. அந்தக் குழுவுக்குத் தலைவியான பெண்ணுக்கு அந்த அரைகுறையும் கிடையாது. மொழிபெயர்ப்பு ஆப்போ, மெஷின் சத்தத்தில் என்னென்னவோ உளறியது. அதனால் கையைக் காலை ஆட்டியே ஓட்டினேன். நூற்று எழுபது டிகிரியில் முதல் துண்டு வெளியே வந்ததும், பழக்கதோஷத்தில் தமிழிலேயே கேட்டுவிட்டேன்.

"இன்னாமா, ரொம்ப சூடா?"

"சூடா, சூடா" என்று அந்தப் பெண் தலையாட்டினார்.

ரெண்டே நாளில் தமிழைப் பிடித்துவிட்டாரே என்று எனக்கு ஒரே பெருமை. சூட்டைக் குறைக்கச் சொல்லிக் கையைக் கீழே இறக்கிக் காட்டினேன். குறைத்தார். மறுபடி கேட்டேன், மறுபடியும் "சூடா". இப்படியே நூற்று முப்பதுக்கு வந்துவிட்டோம். மீட்டர் பொய் சொல்கிறது என்று அதையும் மாற்ற வைத்தேன்.

ரப்பர் வேகாமல் பிசின் மாதிரி இழுத்தது. இவ்வளவு சூட்டிலும் வேகவில்லை என்றால், நேரம் முடியுமுன்பே அச்சைத் திறக்கிறார்கள் என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன். சனிக்கிழமை வாடிக்கையாளருக்கு சாம்பிள் போக வேண்டும். போட்டோவைப் பார்த்த மேனேஜர், "இன்னாபா இது, பபுள்கம்மு மாதிரி கீது?" என்றார்.

"அந்தம்மாவுக்கு வேலை வராது சார். ஆளை மாத்திடுங்க" என்றேன். அவரும் மேலிடத்துக்கு மெயில் அடிக்க உட்கார்ந்தார்.

அடுத்த கால் போட்டபோது இங்கே பத்தரை, அங்கே மதியச் சாப்பாட்டு வேளை. ஒருத்தர் வேலைக்கு உலை வைத்துவிட்டு வந்த குறுகுறுப்பில் வேலைப் பேச்சை எடுக்கவில்லை. கையை வாயருகே கொண்டுபோய், "சாப்டியாமா?" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, கழுவிய தட்டைத் தூக்கிக் காட்டினார்.

"சூடா" என்றார்.

காலித் தட்டில் என்ன சூடு?

சத்தமில்லாத இடத்துக்குப் போய் ஆப்பில் கேட்டேன். அவர்கள் பாஷையில் அதற்கு 'ஆச்சு, முடிந்தது' என்று அர்த்தமாம். வேலை முடிந்ததா என்று நான் கேட்பதாக நினைத்து, ஒவ்வொரு முறையும் மரியாதையாக 'ஆச்சு' என்றிருக்கிறார். அதைக் கேட்டுத்தான் நான் நாற்பது டிகிரி குறைக்க வைத்திருக்கிறேன்.

சேஃப்டி ஷூவோடு அப்படி நான் ஓடியதே இல்லை. "சார், மெயில் போய்ட்ச்சா?"

"அடிச்சிக்கினு கீறேன். இன்னா அவசரம்?"

"வாணாம் சார். தப்பு என்னுது."

விஷயத்தைக் கேட்டு மேனேஜர் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். எனக்குக் காதெல்லாம் சூடு, நம்ம ஊர் சூடு. பழையபடி நூற்று எழுபது வைத்ததும் ரப்பர் அழகாக வெந்தது. சனிக்கிழமை சாம்பிளும் தேறியது.

இப்போதெல்லாம் கால் போட்டதும் அந்தப் பெண்தான் முந்திக்கொண்டு, கையை வாயருகே கொண்டுபோய் "சூடா?" என்று என்னைக் கேட்கிறார். "சூடா" என்கிறேன். அந்த மெயிலைப் பற்றி அவருக்குத் தெரியாது. எனக்கு அது ஞாபகம் வராத நாள் இல்லை.