ஐநூறு சிடிக்கு ஓர் அலமாரி

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மூன்றாவது வாரம், கூடத்துச் சுவரில் சிடி அலமாரி ஒன்று செய்யப்போகிறேன் என்று மனைவியிடம் சொன்னேன். அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நான் அவள் வாயைப் பார்க்கிறேனா என்று ஒருமுறை உறுதி செய்துகொண்டு, நிதானமாகச் சொன்னாள்:

"காது கேட்ட காலத்துலயே அட்டப்பொட்டியிலதான கெடந்துச்சு. இப்ப இன்னாத்துக்கு?"

கீரைக் காம்பு ஒன்றை எடுத்து ஒடித்துக்கொண்டே நின்றேன்.

மறைமலை நகரில் ஒரு பிரஸ் ஷாப்பில் முப்பது வருடம் தகடு அடிக்கும் இயந்திரத்தின் பக்கத்தில் நின்றவன் நான். காதில் வைத்துக்கொள்ள ரப்பர் அடைப்பான் கொடுக்கத்தான் செய்தார்கள். நான் வைக்கவில்லை. இயந்திரம் இறங்கும் சத்தத்தைக் கேட்டே, அச்சு தேய்ந்திருக்கிறதா, எண்ணெய் வற்றியிருக்கிறதா என்று சொல்லிவிடுவேன். அதில் ஒரு பெருமை. "இவன் காது ஒண்ணு போதும்டா" என்று சூப்பர்வைசர் சொல்லும்போது உள்ளுக்குள் பூரிப்பேன். அந்தக் காதுதான் கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. முதலில் குக்கர் விசில் போனது. பிறகு காலையில் கத்தும் குருவிகள். ஒருநாள் எனக்குப் பிடித்த பாட்டில் வயலின் வரவேண்டிய இடத்தில் வெறுமனே மத்தளம் மட்டும் போய்க்கொண்டிருந்தது. சிடியில் கீறல் என்று நினைத்துத் துடைத்துத் துடைத்துப் போட்டுப் பார்த்தேன்.

காது மிஷின் வாங்கிப் போட்டுக்கொண்டேன். எதிரில் உட்கார்ந்து பேசினால் புரியும். பாட்டுக்கு மட்டும் அது ஒத்துவரவில்லை. எந்தக் குரலைக் கேட்டாலும் தகர டப்பாவுக்குள் யாரோ ஆணியால் கீறுவதுபோல் இருந்தது. அதற்குப் பிறகு பாட்டு போடுவதை விட்டுவிட்டேன்.

சிடிகளை நான் சேர்த்த கதை சனிக்கிழமைகளின் கதை. கல்யாணமான புதிதிலிருந்தே, அரை நாள் வேலை முடிந்ததும் செங்கல்பட்டில் பஸ் ஏறி, திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போய்விடுவேன். வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் தெருவில் ஒரு சின்னக் கடை இருந்தது. ஊருக்குத் திரும்பும்போது அவர்கள் விட்டுப்போகும் சிடிகளையும் நம்மூர்ப் பாட்டுகளையும் ஒரே கூடையில் போட்டு வைத்திருப்பார்கள். மொழி தெரியாத பெண்ணின் குரலும் நாகஸ்வரமும் ஒரே பையில் என்னோடு வீட்டுக்கு வரும். வீட்டில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிடுவேன். மனைவிக்குப் பாட்டு பிடிக்காது என்று நானாகவே முடிவு செய்திருந்தேன். அவளிடம் கேட்டதாக நினைவில்லை.

பலகை வாங்கவும் மாமல்லபுரம்தான் போனோம். பழைய லாட்ஜ் ஒன்றை இடித்து, அதன் கதவு, பீரோக்களை ஊருக்கு வெளியே ஒருவர் குவித்து வைத்திருந்தார். ஒரு பலகையைத் தட்டிக் காட்டி ஏதோ சொன்னார். மனைவி என் பக்கம் திரும்பித் திருப்பிச் சொன்னாள்:

"தேக்காம். உப்புக் காத்துலயே இத்தினி வருசம் நின்னுகினு இருந்துச்சாம். இனிமே வளையாதாம்."

"ஆமா அண்ணாத்த!" என்று அவர் என் காதருகே வந்து கத்தியது மட்டும் நன்றாகக் கேட்டது.

சாப்பாட்டுக்குப் பிறகுதான் லோடு ஆட்டோ வரும் என்றார். அதுவரை கடற்கரையில் நிற்கலாம் என்று நடந்தோம். மிஷினில் காற்று அடித்துக் கரகரத்ததால் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன். அலை எழுந்தது, மடிந்தது, நுரை மணலில் ஏறி வந்தது. எல்லாம் சத்தமில்லாமல் நடந்தது. டிவியில் ஒலியை நிறுத்திவிட்டுப் பார்ப்பதுபோல் இருந்தது. வாரம் தவறாமல் வந்த நாட்களில் இந்தச் சத்தத்தை நான் கேட்டேனா என்று யோசித்துப் பார்த்தேன். கையில் சிடிப் பை இருக்கும், கடைசி பஸ் நினைப்பு இருக்கும். கடல் எங்கே போய்விடப் போகிறது என்று இருந்திருக்கிறேன். மனைவி என் கையைப் பிடித்து இழுத்த பிறகுதான் முழங்கால் வரை நனைந்திருந்ததைக் கவனித்தேன்.

வேலையைத் தொடங்கினேன். நான்கடி அகலம், ஐந்து தட்டு. தட்டுக்குத் தட்டு ஐந்தரை அங்குல இடைவெளி விட்டால் சிடி உறை நின்று கொள்ளும், விரல் நுழைத்து எடுக்கவும் வரும். நான்கு நாள் அறுத்து, இழைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். ஐந்தாம் நாள் சுவரில் துளை போட்டு, பிளாஸ்டிக் பிளக் செருகி, திருகாணி முடுக்கி மாட்டினேன். ரசமட்டம் வைத்துப் பார்த்தேன், குமிழி நடுவில் நின்றது. அட்டைப்பெட்டிகளைப் பிரித்து ஐநூற்றுச் சொச்சம் சிடிகளையும் அடுக்கினேன். மனைவி இடுப்பில் கைவைத்துப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் கீது" என்றாள். அவளிடமிருந்து அது பெரிய பாராட்டு.

அலமாரி மாட்டிய மூன்றாம் நாள் காலை அவள் ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். நான் மிஷினைக் கழற்றி வைத்துவிட்டுப் பின்பக்கம் மிளகாய்ச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். வாளியோடு உள்ளே வந்தால் கூடத்தில் மனைவியும் பக்கத்து வீட்டுப் பெண்ணும் நிற்கிறார்கள். அவர்கள் காலடியில் அலமாரி குப்புறக் கிடக்கிறது. தரை முழுக்க சிடிகள், உடைந்த உறைகள், சுவர்க் காரை.

பக்கத்து வீட்டுப் பெண் பதறிப்போய் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள். மிஷினை மாட்டிக்கொண்டு வந்து மறுபடி சொல்லச் சொன்னேன்.

"கேஸ் சிலிண்டர்தான் வெடிச்சிடுச்சுன்னு ஓடியாந்தேண்ணா! தெருமொன வரைக்கும் கேட்டுச்சு. நீங்க இன்னாடான்னா செடிக்குத் தண்ணி ஊத்திகினு கீறீங்க!"

அவள் கேலியாகச் சொல்லவில்லை. பயந்து போயிருந்தாள். நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். பதினைந்தடி தூரத்தில் இத்தனையும் விழுந்திருக்கிறது. ஒரு சின்ன அதிர்வுகூட எனக்கு வந்து சேரவில்லை. மிஷின் கொடுத்த டாக்டர் என் காது கேட்கும் அளவைக் காகிதத்தில் கோடு போட்டுக் காட்டியபோது புரியாதது அன்றைக்குப் புரிந்தது. இனி அந்தக் குரல்கள் எனக்குத் திரும்பி வரப்போவதில்லை. முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து மனைவி என் முழங்காலைத் தட்டினாள். பக்கத்து வீட்டுப் பெண் போயிருந்தாள். இவள் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, சிடிகளைத் துடைத்து ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள். ஒன்றைத் தூக்கிக் காட்டினாள்.

"இது இன்னா பாட்டு?"

"விடு. இப்ப எதுக்கு?"

"சொல்லுங்க. இத்தினி வருசமா காதுல மாட்டிகினு நீங்க பாட்டுக்கு உக்காந்துகினு இருந்தீங்க. ஒரு நாளாவது இந்தா நீயும் கேளுன்னு குடுத்தீங்களா?"

"உனக்குப் பிடிக்காதுன்னு நெனச்சேன்."

"நீங்களா நெனச்சிக்கினீங்க."

அவள் அடுத்த சிடியை எடுத்தாள். நானும் நாற்காலியை விட்டுத் தரையில் இறங்கினேன். இது எந்த வருடம் வாங்கியது, இதில் எந்தக் கருவி வரும், இந்தப் பெண் எந்த மொழியில் பாடுகிறாள் என்று மதியம் வரை சொல்லிக்கொண்டே இருந்தேன். சோறு வடிக்க மறந்துவிட்டோம். உடைந்தவை முப்பதுக்குள்தான் இருக்கும். பல சிடிகளுக்கு உறை மட்டும்தான் போயிருந்தது.

மறுநாள் சுவரைப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. செங்கல்லில் துளை இறங்கும்போது ஒரு சத்தம் வரும், கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே உள்ள சாந்தில் இறங்கும்போது வேறு சத்தம் வரும். முன்பெல்லாம் எனக்கு அது உடனே தெரியும். இந்த முறை பிளக்குகள் எல்லாம் உதிரிச் சாந்தில் உட்கார்ந்திருந்தன. இரண்டாம் முறை துளை போடும்போது மனைவி கீழே ஒரு காகிதத்தை ஏந்திக்கொண்டு நின்றாள். சிவப்புத் தூள் விழுந்தால் தலையாட்டினாள், சாம்பல் நிறமாக வந்தால் கையை உயர்த்தி நிறுத்தினாள். என் கண்ணுக்கே தெரியக்கூடிய விஷயம். ஆயுளெல்லாம் காதை நம்பியே வேலை செய்தவனுக்கு அது தோன்றவில்லை. எட்டுத் துளையும் செங்கல்லில் விழுந்தன. அலமாரி இன்றுவரை அசையவில்லை.

இப்போது சாயங்காலம் விளக்கு வைத்ததும் அவள் அலமாரி முன் நின்று ஒரு சிடியைத் தேர்ந்தெடுக்கிறாள். பாட்டு ஓடும்போது எதிரில் உட்கார்ந்து எனக்குச் சொல்கிறாள். "இப்ப ஆம்பள பாடறாரு." "இப்ப ரெண்டு பேரும் சேந்து." மத்தளம் வந்தால் மேசையில் தட்டிக் காட்டுகிறாள். தாளம் கொஞ்சம் முன்னே பின்னே போகும். நான் அவள் வாயைப் பார்த்தபடி, மனசில் இருக்கும் பாட்டை அவள் சொல்லோடு சேர்த்து ஓட்டிக்கொள்கிறேன்.

போன வாரம் ஒருநாள், முதல் சரணம் ஓடும்போதே என் கையைத் தொட்டு, "இப்ப புல்லாங்கொழலு" என்றாள்.

"இல்லையே. அது ரெண்டாவது சரணத்துக்கு அப்புறம்தான வரும்."

"இல்லீங்க. இப்பதான் வந்துகினு கீது."

எத்தனையோ நூறு தடவை கேட்ட பாட்டு அது. மறுபடி முதலிலிருந்து போடச் சொன்னேன். போட்டாள். அதே இடத்தில் என் கையைத் தொட்டாள். மனசில் நான் பத்திரமாக வைத்திருப்பதாக நினைத்த பாட்டு, எனக்குத் தெரியாமலே வேறொன்றாக மாறிக்கொண்டிருக்கிறது. சரிபார்க்க எனக்கு இனி வழியில்லை. அந்தக் குழல் எப்படி இருக்கும் என்று அவளிடம் கேட்டேன். அவள் கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துக் கேட்டாள். சொல்லத் தெரியாமல் உதட்டைப் பிதுக்கினாள்.

"நல்லா கீதுங்க" என்றாள். "ரொம்ப நல்லா கீது."