சீட்டின் மேல் வைத்த குன்றிமணிகள்

என் மகனும் மருமகளும் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடத்தில் பாய் விரித்து ஒரு சீட்டாட்டம் ஆடுவார்கள். அவன் ஒரகடத்துத் தொழிற்சாலை ஒன்றில் பணிபுரிபவன்; அவள் மாகறலில் பிறந்து ஏனாத்தூரில் படித்தவள். வீரர்களும் விலங்குகளும் தீட்டப்பட்ட அச்சீட்டுகளை நண்பர்களிடம் வாங்கியும் மாற்றியும் இருவரும் பல ஆண்டுகளாகச் சேர்த்திருந்தனர். அருகே நாளிதழுடன் அமர்ந்திருப்பது என் வழக்கம். நாளடைவில் நாளிதழைவிட ஆட்டத்தையே மிகுதியாகக் கவனிக்கலானேன்.

சீட்டில் அச்சிட்ட வலிமை எண் மாறாது. ஆட்டத்தின் போக்கில் ஒரு வீரன் வளர்ந்தால், அவ்வளர்ச்சியைக் காட்ட அவன் சீட்டின் மேல் ஒரு காயை வைக்க வேண்டும். மகன் அதைக் ‘கவுண்ட்டர்’ என்பான். எனக்குக் காய் என்றால்தான் நாவில் ஒட்டும். ஒரு காய், ஓர் எண் கூடுதல். சீட்டு களத்தில் நிற்கும்வரை காயும் நிற்கும். சீட்டு வீழ்ந்து கழிவுக்கட்டுக்குப் போனால் காய்கள் உடன் போகா, கிண்ணத்துக்குத் திரும்பிவிடும். அதே வீரன் பின்னர் மீண்டு வந்தாலும் வெறும் சீட்டாகவே வருவான்.

மருமகளிடம் ஒரு சூனியக்காரிச் சீட்டு இருந்தது. அது களத்தில் இருக்கையில், அவளுடைய முறை தொடங்கும்போதெல்லாம், ஏற்கெனவே காய் சுமக்கும் ஒவ்வொரு சீட்டின் மேலும் இன்னொரு காய் ஏறும். காயில்லாத சீட்டுக்கு ஒன்றும் கிடைக்காது.

“இன்னாமே, மறுபடியும் சூனியக்காரியா? மாகறல்காரின்னு காட்டிட்டியே!”

“அழுவாதீங்க. தோத்தா நாளைக்கி நாஷ்டா நீங்கதான். ஞாபகம் கீதா?”

அவர்கள் வாங்கிய நெகிழிக் காய்கள் எப்போதோ தொலைந்துவிட்டன. புளியங்கொட்டை வைத்தால் சீட்டின் எழுத்து மறைந்தது. அவ்வாண்டு சதுர்த்திக்குக் களிமண் பிள்ளையாருக்குக் கண் வைக்க வாங்கிய குன்றிமணிகளில் ஒரு பிடி மீந்திருந்தது. சிறியவை, உருளாதவை, எழுத்தை மறைக்காதவை. மருமகள் அவற்றைக் கிண்ணத்தில் இட்டாள். விழுங்கினால் நஞ்சு என்பதை மூவரும் அறிவோம். பேத்திக்கு அப்போது ஒன்றரை வயது. ஆகவே கிண்ணத்தைச் சன்னல் மேடையில் வைத்து, ஒவ்வொரு முறையும் எழுந்து சென்று காய் எடுத்தார்கள். அவள் உறங்கும் நேரத்தில் மட்டுமே ஆடினார்கள். விழித்தால் அழுது கூப்பிடுவாள் என்பது எங்கள் உறுதியான நம்பிக்கை.

சதுர்த்திக்கு அடுத்த ஞாயிறு பிற்பகல். மகனுக்குக் கைப்பேசி அழைப்பு வந்தது. வீட்டுக்குள் சரியாகக் கேட்காததால் தெருவுக்குப் போனான். மருமகள் எழுந்து கிண்ணத்தில் கையிட்டதைக் கண்டேன். அந்நேரம் வாயிலில் தண்ணீர்க் கேன்காரர் குரல் கொடுத்தார். கதவைத் திறக்கச் சென்றேன். பின்னால், “ஐயோ, பால் பொங்குது!” என்று அவள் ஓடும் ஒலி கேட்டது.

திரும்பி வந்தபோது குழந்தை பாயின் நடுவே அமர்ந்திருந்தாள். அழவில்லை. சீட்டுகள் கலைந்து கிடந்தன. அவள் வாய் அசைந்துகொண்டிருந்தது.

விரலை உள்ளே விட்டுத் துழாவினேன். ஒன்றுமில்லை. கடைவாய்ப் பல் முளைத்திருந்த இடம் விரல் நுனியில் தட்டுப்பட்டது. கடித்திருப்பாளோ? மூடியிருந்த சிறு கையைப் பிரித்தேன். இரண்டு குன்றிமணிகள். பாயில் மூன்று. ஆக ஐந்து.

என் குரல் கேட்டு மகனும் மருமகளும் ஓடி வந்தார்கள். இருவரும் கலைந்த சீட்டுகளை எடுத்து மீண்டும் களம் அமைத்தார்கள். கிண்ணம் எட்டாத உயரத்தில் இருந்தது. ஆகவே சீட்டுகளின் மேல் எத்தனை காய் இருந்திருக்க வேண்டும் என்பது தெரிந்தால், குழந்தையின் வயிற்றில் எத்தனை என்பதும் தெரிந்துவிடும்.

“யானை மேல ரெண்டு, வில்லாளி மேல ஒண்ணு, பாம்பு மேல மூணு. ஆறு. அஞ்சு கீது. ஒண்ணுதான் போயிருக்கு,” என்றான் மகன்.

“இல்லங்க. எம் முறை ஆரம்பிச்சிடுச்சி. சூனியக்காரிக்குன்னு மூணு மேலயும் ஒண்ணொண்ணு வெச்சேன். ஒம்போது.”

“எங்க வெச்சே? பால் பொங்குச்சின்னு ஓடிட்டே!”

“வெச்சிட்டுத்தான் ஓடுனேன்.” பிறகு அவள் குரல் இறங்கியது. “வெச்சேன்னுதான் நெனைக்கிறேன். மாமா, நீங்க பாத்தீங்கதானே?”

கிண்ணத்தில் கையிட்டதைப் பார்த்தேன். சீட்டின் மேல் வைத்ததைப் பார்க்கவில்லை. அதைத்தான் சொல்ல முடிந்தது. ஒன்றா, நான்கா என்பது அந்த ஒரு கணத்தில் இருந்தது. அக்கணத்தில் நான் வாயிலில் நின்றேன். அடுக்களைத் தரையிலும் மேடையிலும் தேடினோம். ஒரு மணியும் அகப்படவில்லை.

தெருமுனையில் மூன்று சக்கரத் தானி ஓட்டுபவர் குழந்தையைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் வண்டியைக் கிளப்பினார். “பெருசு, கெட்டியா புடிச்சிக்க,” என்று மட்டும் சொன்னார். ஊர் மருத்துவமனையில் இளம் பெண் மருத்துவர் இருந்தார்.

“எத்தனை முழுங்குச்சு?”

“ஒண்ணு,” என்றான் மகன். “நாலு,” என்றாள் மருமகள்.

மருத்துவர் இருவரையும் பார்த்தார். “கடிச்சுதா, முழுசா போச்சா?”

“வாய் அசஞ்சத மட்டுந்தான் பாத்தேன்,” என்றேன். மேல்தோல் உடையாமல் உள்ளே போனால் பெரும்பாலும் அப்படியே வெளியே வந்துவிடும் என்றும், உடைந்திருந்தால் நஞ்சு இரண்டொரு நாள் கழித்தும் தலைகாட்டலாம் என்றும் அவர் விளக்கினார். “நாலுன்னே எழுதுறேன். கம்மியா நெனைச்சி ஏமாறக் கூடாது.” கரித்தூள் கலந்த நீரைப் புகட்டி, மருத்துவ ஊர்தி வரவழைத்துக் காஞ்சிபுரத்துக்கு அனுப்பினார்.

வண்டி மாகறலைக் கடந்தபோது மருமகள் தன் தாய்வீட்டுத் தெருப்பக்கம் திரும்பவேயில்லை. வலக்கையைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த மூன்று மணிகளை எங்கே விட்டாய் என்று கையையே கேட்பதுபோல் இருந்தது.

காஞ்சிபுரத்தில் எங்களுக்கு இட்ட பணி ஒன்றே: குழந்தையின் மலத்தை ஒவ்வொரு முறையும் நீரில் கரைத்துப் பார்ப்பது. மறுநாள் காலை முதல் மணி வந்தது. கீறலில்லை, சிவப்பு மங்கவில்லை. மகன் சுவரில் சாய்ந்து அழுதான்.

“நான்தான் சொன்னேனே, ஒண்ணுதான். முடிஞ்சிது. வூட்டுக்குப் போவலாம்.”

அவன் கணக்கே சரியாக இருக்கட்டும் என்று நான் மனத்துக்குள் மன்றாடினேன். அன்று மாலை இரண்டாவது மணி வந்தது. அதுவும் முழுமையானது. செவிலியர் மகிழ்ந்து, “இதோ, இன்னொண்ணு!” என்று காட்டினார். எங்களால் மகிழ முடியவில்லை. ஒன்றுக்கு மேல் வந்துவிட்டதென்றால் அவள் காய்களை வைத்திருக்கிறாள். வைத்திருந்தால் நான்கு. இன்னும் இரண்டு உள்ளே இருந்தன. அவற்றை அச்சிறு கடைவாய்ப் பல் கடித்திருக்குமோ என்பதை அறிய வழியில்லை.

“தப்பா வெச்சிருக்கக் கூடாதா நானு,” என்றாள் மருமகள். “ஒரு தபாவாச்சும் மறந்திருக்கக் கூடாதா?”

மகன் அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டான். ஆட்டத்தில் ஒருநாளும் விட்டுக்கொடுக்காதவன், “நீ மறக்க மாட்டே,” என்று மட்டும் சொன்னான்.

மூன்றாவது மணி மறுநாள் நண்பகலில் வந்தது. நான்காவது வரவில்லை. குழந்தைக்கு வாந்தியில்லை, வயிற்றுப்போக்கில்லை, குருதிச் சோதனையிலும் பழுதில்லை. முதல் நாள் இரவு, அப்பணியை எங்களுக்கு இடும் முன்னரே கழற்றி வீசிய அரையாடையில் அது போயிருக்கலாம் என்றார் பெரிய மருத்துவர். இன்னும் சில நாள் கண்காணியுங்கள், வாந்தி எடுத்தால் உடனே தூக்கி வாருங்கள் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்.

வீட்டில் கூடத்தை அங்குலம் அங்குலமாகத் தடவினோம். பாயை உதறினோம், சீட்டுக்கட்டின் ஒவ்வோர் இடுக்கையும் பிரித்தோம். அகப்படவில்லை. குழந்தை உறங்கினால் மூச்சைப் பார்த்தோம். விழித்தால் முகத்தைப் பார்த்தோம். அவள் அமைதியாக இருந்த ஒவ்வொரு நொடியும் எனக்கு அச்சமாக இருந்தது.

வீடு திரும்பிய மூன்றாம் நாள் காலை, மருமகளின் மடியில் அமர்ந்து குவளையில் பால் குடித்துக்கொண்டிருந்தவள் திடீரெனக் கக்கினாள். மகன் ஒரு காலில் மட்டும் செருப்பை மாட்டியபடி தானிக்காரரை அழைக்கத் தெருவுக்கு ஓடினான். நான் குனிந்து பார்த்தேன். வெறும் பால். குழந்தை வாயைத் துடைத்துக்கொண்டு, இன்னும் வேண்டும் என்று குவளையைத் தட்டினாள்.

மருமகள் ஊற்றினாள். பாதி தரையில் சிந்தியது. குழந்தை மடமடவென்று குடித்து முடிக்கும்வரை அச்சிறு தொண்டை ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.