செல்வராணி டீச்சர் தப்பாக எழுதிய ஒரே வரி

செவ்வாய்க்கிழமை காலை செஞ்சி பேருந்து நிலையத்துச் சுவரில் புதிதாக ஒரு கண்ணீர் அஞ்சலி சுவரொட்டி இருந்தது. பசைகூடக் காயவில்லை. சுவரொட்டிகளை நின்று படிப்பது எனக்குப் பிடித்த வேலை. படத்தைப் பார்க்காமல் எழுத்திலிருந்துதான் தொடங்குவேன். ‘செல்வராணி, ஆசிரியை’ என்று படித்தேன். ஏதோ பிழையாகப் படித்துவிட்டேன் என்று மறுபடியும் முதலிலிருந்து படித்தேன். அதற்குப் பிறகுதான் படத்தைப் பார்த்தேன். முந்தைய நாள் மாலை மாரடைப்பு. வயது ஐம்பத்திரண்டு.

எனக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்தவர் இறந்த செய்தியை நானே வாசித்துத் தெரிந்துகொண்டேன். இதை எழுத நான்கு நாளானது. யாரிடமும் சொல்லி எழுத வைக்கவில்லை, என் கையால் எழுதினேன். அதில் எனக்குப் பெருமைதான்.

என் பெயர் முனுசாமி. அவலூர்பேட்டை சாலையில் டீச்சர் வேலை பார்த்த பள்ளிக்கு நான் வாட்ச்மேன். அப்போதெல்லாம் எல்லோரும் என்னை “வாட்ச்மேன்” என்றுதான் கூப்பிடுவார்கள். டீச்சர் மட்டும் “ஐயா” என்பார்கள். பெரியவர்களுக்கான எழுத்தறிவு வகுப்பு பள்ளி விட்ட பிறகு நடக்கும். அதில் என் பெயரை முதலில் எழுதிக்கொண்டவர்களும் அவர்கள்தான்.

“இன்னாத்துக்கு டீச்சர், அறுபத்தஞ்சு வயசுல எனக்கு சிலேட்டு?” என்று கேட்டேன்.

“போன வாரம் அவலூர்பேட்டைக்குப் போறேன்னு பஸ் ஏறி, அனந்தபுரத்துல போயி எறங்கினீங்களே, அதுக்குத்தான்.”

நான் பென்சிலைப் பிடித்த விதத்தைப் பார்த்து, “கதிர் அறுக்கிற மாதிரி இறுக்காதீங்கய்யா, அது எங்கயும் ஓடிடாது” என்றார்கள். எட்டு மாதத்தில் பஸ் போர்டு, மாத்திரை அட்டை, பிஸ்கட் உறை என்று எதைக் கண்டாலும் படித்தேன்.

அந்த வருடம் பள்ளியில் ஓர் ஆசிரியர் இடம் காலியாக இருந்தது. டீச்சர் இரண்டு வகுப்புகளைச் சேர்த்து வைத்து நடத்தினார்கள். போனில் வருகைப்பதிவு, சத்துணவு போட்டோ, பிள்ளைகளுக்குச் செருப்பு கொடுத்த போட்டோ என்று ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அனுப்பவில்லை என்றால் அடுத்த நிமிடம் போன் வரும். மெல்ல மெல்ல டீச்சர் மாறினார்கள். சாப்பாட்டு டப்பா திறக்கப்படாமலே வீட்டுக்குத் திரும்பிப் போனது. வருகைப் பதிவேட்டை விரித்து வைத்துக்கொண்டு ஒரு பெயரையும் கூப்பிடாமல் உட்கார்ந்திருப்பார்கள். ஒருநாள் ஒரு சின்னப் பெண்ணை உரக்கத் திட்டிவிட்டு, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் அழுதார்கள். எல்லோரும் அதை அசதி என்றோம். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் மடித்த தாள் ஒன்றை என்னிடம் கொடுத்தார்கள்.

“திங்கக்கிழம எச்.எம். வந்ததும் குடுத்துடுங்கய்யா. நான் வரமாட்டேன்.”

அதற்கு உறை இல்லை. படிக்கத் தெரியாத வாட்ச்மேனிடம் கொடுக்கும் தாளுக்கு உறை எதற்கு? எனக்குக் கற்றுக்கொடுத்ததையே அவர்கள் மறந்துபோயிருந்தார்கள். அவ்வளவு களைப்பு.

அடுத்தவர் கடிதத்தைப் படிப்பது குற்றம். நான் படித்தேன். கேட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முடிக்க அரைமணி நேரம் ஆனது. வேலையை விட்டு விலகுவதாக எழுதியிருந்தார்கள். அதற்குக் கீழே இன்னொரு வரி.

அடுத்த பஸ்ஸில் செஞ்சிக்கு வந்து அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டினேன். டீச்சரின் தங்கை கதவைத் திறந்தார். டீச்சர் உள்ளே நாற்காலியில் இருந்தார்கள்.

“டீச்சர், இதுல ஒரு வரி தப்பு.”

“எந்த வரி?” என்று கோபமாகக் கேட்டார்கள்.

தாளைப் பிரித்து நிறுத்தி நிறுத்திப் படித்தேன். “‘என்னால் இனி யாருக்கும் எதையும் கற்றுக்கொடுக்க முடியாது.’”

டீச்சர் என் வாயையே பார்த்தார்கள். “ஐயா... நீங்க படிக்கிறீங்க.”

“யாரு கத்துக்குடுத்தது? அனந்தபுரத்து பஸ் கண்டக்டரா?”

அவர்கள் சிரித்தார்கள். சிரிப்பிலேயே அழுகை வந்துவிட்டது. தங்கைதான் உண்மையைப் போட்டு உடைத்தார்: “அக்கா தூங்கி பத்து நாளாவுது. நாளைக்கே ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போறேன்.”

நான் படித்துக் காட்டியதால் டீச்சருக்குக் குணமாகவில்லை. மனநல டாக்டரும் மாத்திரையும் மூன்று மாத விடுப்பும் குணப்படுத்தின. நான் செய்ததெல்லாம் அந்தத் தாளைத் திருப்பிக் கொண்டுபோனதுதான்.

பள்ளிக்குத் திரும்பி வந்தபோது “மெண்டல் மாத்திரையாம்” என்று ஆசிரியர் அறையில் முணுமுணுப்பு. டீச்சர் மாத்திரை அட்டையை எல்லோரும் பார்க்க மேசைமேல் வைத்தார்கள்.

“சக்கரைக்கு மாத்திர போட்டா, இன்னா அளவுன்னு கேக்குறீங்க. இதுக்குப் போட்டா மட்டும் ஏன் கொரல கொறச்சிப் பேசறீங்க? சத்தமாவே கேளுங்க, சொல்றேன்.”

அதற்குப் பிறகு மாலை ஐந்து மணியானால் போனை அணைத்துவிடுவார்கள். அணைத்ததால் பள்ளி ஒன்றும் இடிந்து விழவில்லை. இன்னும் நான்கு வருடம் சந்தோஷமாகப் பாடம் நடத்தினார்கள்.

புதன்கிழமை அவர்களை எடுத்துப் போன பிறகு, தெருவில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தோம். எங்கள் பள்ளிக்குப் போன வருடம் வந்த இளம் ஆசிரியை என்னிடம் வந்தார். சுற்றிலும் ஆட்கள் நின்றிருந்தார்கள்.

“தாத்தா, டீச்சர் பாத்த டாக்டரு எந்தெந்த நாள்ல இருப்பாரு?”

“யாருக்கும்மா?”

“எனக்குத்தான்” என்றார். குரலைக் குறைக்கவே இல்லை.

திங்கட்கிழமை காலை முதல் பஸ்ஸில் நானும் துணைக்குப் போகிறேன். டீச்சர், நீங்கள் நிம்மதியாகப் போய் வாருங்கள்.